கேட்டுவிட்டு நிற்பாள்

கேள்வி கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்டுவிட்டு அவர்களே பதிலையும் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள், நமக்கும் நிம்மதி. இவள் அப்படியில்லை. கேட்பாள், கேட்டுவிட்டு நிற்பாள். முறைக்க மாட்டாள். திரும்பவும் கேட்க மாட்டாள். "என்ன, பேச்சையே காணோம்?" என்று குத்திக்காட்டவும் மாட்டாள். தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்து, கம்பி ஒடிந்த அந்தக் கறுப்புக் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு, பதில் வரும்வரை நிற்பாள். ஐயோ, அந்த நிற்பு இருக்கிறதே! எனக்குப் பிறவியிலேயே பொறுமை கிடையாது. தேத்தண்ணி ஆறும்வரை காத்திருக்கத் தெரியாமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள் நான். என் தலையெழுத்து, இப்படிப்பட்டவளோடு தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தில் வளர்ந்தேன். ஒட்டிக் கட்டிய ஒற்றையறை வீடுகளின் வரிசையில் அவர்கள் மூன்றாவது காம்பரா, நாங்கள் ஐந்தாவது.

ஒரு தடவை ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்தோம். எங்கள் தோட்டத்துச் சந்தியில் கண்டக்டர் மணி அடிக்கவில்லை. பஸ் அரை மைல் தாண்டிப் போய் நின்றது. நானென்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு இறங்கி நடந்திருப்பேன். இவள் ஒரு காலை மிதிபலகையில் வைத்துக்கொண்டு, சாவகாசமாக, சிங்களத்தில், "அய் மல்லி நெவெத்துவே நெத்தே?" என்றாள். ஏன் தம்பி நிறுத்தவில்லை என்று கேட்கிறாளாம். கண்டக்டர் பையன் டிரைவரைக் கை காட்டினான். இவள் நின்றாள். மணி வேலை செய்யவில்லை என்றான். நின்றாள். பஸ்ஸுக்குள்ளே சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். "தம்பி, அந்தப் புள்ளைய எறக்கிக்கிட்டுப் போங்களேன், புண்ணியமாப் போகும்" என்று ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு மானம் போயிற்று. கடைசியில் அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அமதக வுனா அக்கே" என்றான். மறந்துபோச்சு அக்கா.

"ஹரி", அதாவது சரி என்று சிரித்துவிட்டு இறங்கினாள். "மறந்து போச்சுன்னு சொல்றதுக்கு ஏன்டா அந்தப் பையனுக்கு இவ்வளவு நேரம்?" என்று என்னிடம் கேட்டாள். கிண்டல் இல்லை. அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

அதுதான் அவள். பதில் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையாக இருந்தால் போதும். பத்தாம் வகுப்பில் விஞ்ஞான சாரிடம், "கம்பிய முன்னுக்கும் பின்னுக்கும் வளைச்சா ஏன் சார் அந்த இடம் சுடுது?" என்று கேட்டாள். சார் பாடத்திட்டத்தில் இல்லை என்றார். நின்றாள். உட்காரம்மா என்றார். உட்கார்ந்தாள், ஆனால் உட்கார்ந்த இடத்திலும் நிற்கிற மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளை மணி அடித்தும் சார் போகவில்லை, சார் போகாததால் நாங்களும் போகவில்லை, என் ரொட்டி பைக்குள்ளேயே காய்ந்துபோயிற்று. கடைசியில் சார் சோக்குக் கட்டியை மேசையில் வைத்துவிட்டு, "எனக்குத் தெரியாதும்மா" என்றார். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரிசு கொடுத்த மாதிரி மலர்ந்துபோனாள். "சரிங்க சார்."

பொய் சொன்னால் மட்டும் நகரமாட்டாள். பொய் அவள் காதுக்கே போகாது போலிருக்கும். அவள் அப்பா எங்கள் தோட்டத்து பெக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். பச்சைக் கொழுந்தை அரைத்துப் புளிக்கவைத்த பிறகு சூடான காற்றில் உலர்த்த வேண்டும். அந்தக் காற்றைச் சூடாக்குகிற அடுப்பு அவருடையது. அடுப்புப் புகை இரும்புக் குழாய்களுக்குள்ளே ஓடும், அவற்றைச் சுற்றி வருகிற காற்று சூடாகும். அம்மா இறந்தபிறகு வீட்டில் அவரும் இவளும் மட்டும்தான். வீட்டில் ரொட்டி குறைவாக இருக்கும் நாளில் அவர், "நான் பெக்டரியிலயே சாப்பிட்டேன்மா" என்பார். இவள் தட்டோடு வாசலில் நிற்பாள். நான் ஐந்தாவது காம்பராவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் சுருட்டைப் பற்றவைப்பார், இருமுவார், வானத்தைப் பார்த்து மழை வரும் என்பார். தட்டு அங்கேயேதான் இருக்கும். "சரி, இல்லம்மா, குடு" என்று கையை நீட்டினால்தான் அவள் உள்ளே போவாள்.

எங்கள் லயத்திலிருந்து யூனிவர்சிட்டிக்குப் போய் எஞ்சினியரிங் படித்தது அவள் ஒருத்திதான். அதிலும் கட்டடம், கரண்ட் என்று நமக்கு விளங்குகிற எதையாவது படித்திருக்கலாம். உலோகம் படித்தாள். நான் ஏ.எல். பரீட்சை முடித்து, தோட்டத்து பெக்டரியிலேயே சேர்ந்து, தட்டுத்தடுமாறி சின்ன டீமேக்கர் ஆனேன். அடுப்புச் சூடு, இயந்திரம், தேயிலைத்தூள் எல்லாவற்றையும் மேற்பார்க்கிற உத்தியோகம். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டிய அவள் அப்பா, பெக்டரிக்குள்ளே என்னை "ஐயா" என்பார், வாசலைத் தாண்டினால் "தம்பி" என்பார். இரண்டையும் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

டீசலுக்கு ஊரெல்லாம் வரிசையில் நின்ற வருடம். பஸ் இல்லை. அவள் படிப்பை முடித்து, அங்கேயே தற்காலிகமாக ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். லீவில் வந்தால் கொட்டகலையிலிருந்து நடந்தேதான் வருவாள். ஒரு நாள் காலை நான் வேலைக்குப் போகும்போது கூடவே வந்தாள், அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாளாம். தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதை. நடுவில் ஒரு பெரிய கல் கிடக்கும். அந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

"எனக்கு நேரமாகுது புள்ள."

"இங்க பாரேன்டா. இந்த நிரை பாதியில நின்னு போச்சு."

பார்த்தேன். தேயிலை வரிசையைத்தான் நாங்கள் நிரை என்போம். இரண்டு நிரைகளுக்கு நடுவே மூன்றாவது ஒன்று ஓடிவந்து, கொஞ்ச தூரத்தில் அப்படியே முடிந்துபோயிருந்தது. மலை வளைகிற இடத்தில் அப்படித்தான் இருக்கும். கொழுந்து எடுக்கிற எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். இதில் என்ன இருக்கிறது?

"இரும்புக்குள்ள அணுவெல்லாம் இப்பிடித்தான் நிரை நிரையா நிக்கும். எல்லா நிரையும் ஒழுங்கா இருந்தா இரும்ப லேசுல வளைக்க ஏலாது. ஆனா எங்கயாவது ஒரு நிரை பாதியில அறுந்து நிக்கும். அந்த அறுந்த எடம் இருக்கு பாரு, அது நகரும்."

"செடி எப்பிடி நகரும்?"

"செடி நகராது. அறுந்த எடம்தான் நகரும். இந்த அறுந்த நிரை பக்கத்து நிரையோட கீழ்ப்பாதிய சேத்துக்கும். இப்ப பக்கத்து நிரை அறுந்து நிக்கும். அது அதுக்கு அடுத்ததுல கைவைக்கும். இப்பிடியே ஒவ்வொரு அடியா இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குப் போயிரும். போய்ச் சேந்துட்டா இரும்பு ஒரு துளி வளைஞ்சிருச்சுன்னு அர்த்தம்." கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அது நகராம இருக்கணும்னா என்னா செய்யணும்?"

கேட்டுவிட்டு நின்றாள். எனக்குப் பெக்டரி சங்கு ஊதிவிடும். தப்பித்தால் போதும் என்று, "குறுக்க இந்தக் கல்லத் தூக்கிப் போடணும்" என்றேன்.

"அதேதான்டா!" என்று என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். இப்போதும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறேன், பைத்தியக்காரன். "சூட்டுல வேல செய்யிற இரும்புக்குள்ள கல்லு மாதிரி பொடிப்பொடியாக் கெட்டியான துணுக்குகள் இருக்கும். உங்க அடுப்புக் குழாய்க்குள்ளயும் இருக்கு. அறுந்த நுனி வந்து அதுல முட்டி நின்னுரும். குளிர்ல இருந்தா பலமாத் தள்ளினாத்தான் தாண்டும். சூட்டுல அப்பிடி இல்ல. அணுவெல்லாம் துடிச்சுக்கிட்டு இருக்கும். நுனியில உள்ள அணு ஒன்னொன்னாக் கழண்டு போகும். நுனி மெல்ல மெல்ல மேல ஏறும். ஏறிக் கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் எறங்கும்."

"அப்ப ஏறுறதுதான் கஷ்டம்."

"அப்பிடித்தான் எல்லாரும் நெனச்சிக்கிட்டு இருந்தாங்க. அப்பறமாத்தான் வெளங்கிச்சு, சில துணுக்குகள்ல ஏறுறது பெரிய கஷ்டமில்ல. ஏறி முடிச்சு, அந்தப் பக்கம் வந்து, இனிப் போக வேண்டியதுதான்னு இருக்கற நேரத்துல கல்ல விட மாட்டேங்குது. ஒட்டிக்கிட்டு நிக்குது. அதுல இருந்து பிரியறதுக்குத்தான் அவ்வளவு நேரம் எடுக்குது."

"பிரியவே பிரியாதா?"

"பிரியும். சூடும் நேரமும் இருந்தாப் பிரியும்." குடையால் கல்லைத் தட்டினாள். "அதைத்தான் நான் படிக்கப் போறேன். வெளியில எடம் கெடச்சிருக்கு. நாலு வருசம். ஆராய்ச்சி."

எந்த நாடு என்று சொன்னாள். காதில் விழவில்லை. "நல்லது, நல்லது" என்று இரண்டு தரம் சொன்னேன். சந்தோஷப்பட வேண்டிய செய்திக்கு நான் வாய்க்குள்ளே கசப்பை மென்றுகொண்டு நடந்தேன். அதை மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு அவள் வேண்டும். பத்தாம் வகுப்பு ரொட்டி காய்ந்த நாளிலிருந்து வேண்டும்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு காலை அடுப்புக் குழாய்கள் தொய்ந்து, ஒன்று மூட்டில் பிரிந்து, புகை காற்றோடு கலந்துவிட்டது. அன்றைய தூள் முழுக்கப் புகை நாற்றம். அடுப்பில் நின்றது அவள் அப்பா. "வெறகக் கணக்கில்லாமப் போட்டுக் குழாய உருக்கிப்புட்டான்" என்று தோட்டத்து நிர்வாகியான பெரிய துரை முடிவுகட்டிவிட்டார். அவரை வேலையிலிருந்து நிறுத்தி, பத்து நாளில் விசாரணை என்று கடிதம் கொடுத்தார்கள். வேலை போனால் காம்பராவும் போகும். அவர் கடிதத்தை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "நான் வழமையாப் போடுற மாதிரிதான் போட்டேன் ஐயா" என்றார். பெக்டரி வாசலைத் தாண்டிய பிறகும் ஐயா என்றார். முதல் தடவை.

அவள் வந்தாள். அழவில்லை. "அந்தக் குழாயில ஒரு துண்டு வேணும்" என்றாள். கழற்றிப் பழைய இரும்புக் குவியலில் போட்டிருந்த குழாயிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தேன். அதை உர பேக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு யூனிவர்சிட்டிக்குப் போய், நாலாம் நாள் திரும்பிவந்தாள். அங்கே மைக்ரஸ்கோப்பில் பார்த்ததை ஃபோனில் படம் பிடித்திருந்தாள். எனக்கு அது சாம்பல் நிறத்தில் மச்சங்கள் மாதிரித்தான் தெரிந்தது.

"இது புதுக்குழாய், அங்க இருந்தது. பாரு, பொடிப்பொடியா, நெருக்கமா. இது உங்க குழாய். பொடியெல்லாம் கரைஞ்சு, பெரிய பெரிய துணுக்கா சேந்திருக்கு. நடுவுல எவ்வளவு வெளி பாத்தியா? முட்டி நிக்க ஒன்னுமில்ல. நுனியெல்லாம் சும்மா பூந்து போயிருக்கு. இப்பிடி ஆகறதுக்கு வருசக்கணக்குல கூடுதல் சூட்டுல கெடக்கணும்டா. ஒரு காலையில நடக்கற வேல இல்ல இது. எங்கப்பா இல்ல."

அதை அவளும் தொழிற்சங்கத் தலைவரும் பெரிய துரையிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். துரை படத்தைப் பார்க்கவேயில்லை. புத்தகத்தைத் தூக்கிப்போட்டார். மணிக்கு மணி அடுப்புச் சூட்டை எழுதுகிற புத்தகம். ஆறு வருடமாக ஒரே அளவு, விதித்த அளவு. "வருசக்கணக்கா கூடுதல் சூடு எங்க இருக்கு? காட்டுங்க." காட்ட முடியவில்லை. அந்த ஆறு வருடமும் என் கையெழுத்து.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். அந்தப் புத்தகத்தை யாரும் மணிக்கு மணி எழுதியதில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியதில்லை, அவருக்கு முன்னால் இருந்தவரும் இல்லை. திங்கட்கிழமை காலையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து, அந்த வாரத்துக்கே எழுதி முடித்துவிடுவேன். கொழுந்து கொட்டுகிற மாதங்களில் துரை வந்து, "சூட்டக் கூட்டு, சீக்கிரம் முடி" என்பார். கூட்டுவோம். புத்தகத்தில் மட்டும் கூட்டமாட்டோம். இது தப்பு என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. கை பாட்டுக்கு எழுதும்.

தலைவர் கேட்டு வாங்கிய பக்கங்களின் பிரதியை அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறாள். விசாரணைக்கு முந்தின நாள் பின்நேரம். நான் மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தேன். வந்து நின்றாள்.

"கோயில் தேர் அன்னைக்கு அடுப்பு எரிஞ்சிச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாரியம்மன் தேர் அன்று பெக்டரி பூட்டு. ஒரு பூனை கூட உள்ளே இருந்திருக்காது. நானே தேர் வடம் இழுத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்திலோ காலை ஆறு மணியிலிருந்து மாலைவரை அடுப்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, அதே அளவில்.

"அது... ஒரு நாள் தவறிப்போச்சு."

நின்றாள். வாளி நிரம்பி வழிந்தது.

"எல்லாரும் இப்பிடித்தான் எழுதுறது. என்னைய மட்டும் ஏன் கேக்கற?" கத்தினேன். பக்கத்தில் குடம் வைத்திருந்த அக்கா திரும்பிப் பார்த்தார். அவள் தலையைச் சாய்த்து நின்றாள். அந்த நேரத்தில் அவள்மேல் எனக்கு வந்த ஆத்திரம்! ஈரச் சட்டையைக் கல்லில் நாலு அறை அறைந்தேன். பிறகு எனக்கே கை ஓய்ந்துபோயிற்று.

"பாக்காமத்தான் எழுதினேன். ஆறு வருசமும்."

"சரி" என்றாள். பிறகு கேட்டாள்: "இத நாளைக்கு அங்க சொல்லுவியா?"

மறுபடியும் நிற்பு. நான் நிஜமாகவே யோசித்தேன். "தெரியாது" என்றேன்.

"சரி" என்று போய்விட்டாள். தெரியாது என்பது உண்மைதானே!

அன்றைக்கு நான் யோசித்ததை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் என் உத்தியோகம் போகும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவள் அப்பாவுக்கு வேலை போகும். வேலையும் வீடும் இல்லாத அப்பாவை விட்டுவிட்டு அவள் எந்த நாட்டுக்கும் போகமாட்டாள். கொட்டகலையில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டு இருப்பாள். தினமும் காலையில் பஸ்ஸுக்கு நிற்பாள். நானும் நிற்பேன். நான் பேசாமல் இருந்தாலே போதும், அவள் எனக்குப் பக்கத்திலேயே இருப்பாள். இதை நான் நினைக்கவேயில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். நினைத்தேன். இனித்தது.

விசாரணை தோட்டத்து ஆபீசில். கொழும்பிலிருந்து வந்த ஒரு அதிகாரி நடுவில், பெரிய துரை பக்கத்தில். தலைவரோடு அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பைல். அவள் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார், சொல்லியும் உட்காரவில்லை. அதிகாரி புத்தகத்தை என் பக்கம் திருப்பி, "இதில இருக்கிறது சரியா?" என்று கேட்டார்.

துரை ஜன்னலைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். கெஞ்சுகிற பார்வை இல்லை. பயமுறுத்துகிற பார்வையும் இல்லை. தலை லேசாகச் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பில் சாரைப் பார்த்த அதே முகம்.

"சரியில்லீங்க" என்றேன். "நான் பாக்காம எழுதினதுங்க. கொழுந்து கூடுன மாசமெல்லாம் சூட்டக் கூட்டித்தான் ஓட்டினோம், ஆறு வருசமா. துரை சொல்லித்தான் கூட்டினது. புத்தகத்துல போடல. அவரு மேல ஒரு தப்பும் இல்லீங்க."

அதன்பிறகு சத்தமும் கூச்சலும். அவள் அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. துரையை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். என்னை பெக்டரியிலிருந்து எடுத்து, மலையில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் போட்டார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். சேற்றில் சறுக்கி விழுந்து எழும்பிப் போகிற வேலை.

அன்று ஆபீசிலிருந்து இறங்கி வரும்போது அவள் பைலைத் திறந்து காட்டினாள். மேலேயே தேர் நாள் பக்கம், சிவப்பு மையால் வட்டம் போட்டு.

"நீயே குடுத்திருக்கலாமே!"

"எண்ணிக்கிட்டு இருந்தேன். முப்பதுக்குள்ள நீ சொல்லாட்டி நானே எழும்பிக் குடுத்திருப்பேன். எங்கப்பா வேலைய உன்னைய நம்பி விட ஏலுமா?"

"எத்தனையில சொன்னேன்?"

"இருபத்தாறு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "ஆனா நீயாச் சொல்லணும்னுதான்டா இருந்துச்சு எனக்கு."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன இருக்கிறது என்னிடம்?

அவள் அப்பா முழுச் சேவையும் முடித்து ஓய்வுபெற்றுவிட்டார், காம்பராவை அவருக்கே விட்டுவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஃபோனில் வருவாள். அவர் மூன்றாவது காம்பரா வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார். அங்கே பகல் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறதாம். சின்னக் கம்பியைச் சூட்டில் தொங்கவிட்டு, அது எவ்வளவு நீள்கிறது என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். அவளுக்கென்றே செய்த வேலை. "தம்பி இருக்காரும்மா, பேசுறியா?" என்று அவர் சில நேரம் ஃபோனை என் பக்கம் நீட்டுவார். நான் கொழுந்துச் சாக்கைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விடுவேன். பேசினால் கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டு, அத்தனை தூரத்தில், ஃபோனைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். எனக்குத் தாங்காது.

ஏற்கெனவே ஒரு தடவை தாங்கவில்லை. அவள் போன அன்று கொட்டகலை ஸ்டேசனுக்கு அவள் பெட்டியை நான்தான் சுமந்துபோனேன். காலை ரயில். அவள் அப்பா டிக்கெட் எடுக்கப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் மேடையில். புதுச் சுவெட்டர் போட்டிருந்தாள், கையெல்லாம் நீளம். ரயில் தலவாக்கலையை விட்டுவிட்டது என்று உள்ளே மணி அடித்துச் சொன்னார்கள்.

"டேய்" என்றாள். "எங்கிட்ட சொல்றதுக்கு உனக்கு ஒன்னுமில்லையா?"

கேட்டுவிட்டு நின்றாள்.

சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். சொன்னால் அவள் ரயில் ஏறமாட்டாள் என்று பட்டது. அப்படி நின்றுவிட்டால் அதற்குப் பிறகு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவள் நாலு வருடத்தை நான் தின்றுவிட்டு, பீலியில் சட்டை துவைத்துக்கொண்டு இருப்பேனா?

"இல்ல" என்றேன்.

சொல்லிவிட்டு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவள் நிற்பாள் என்று எனக்குத் தெரியும். பொய்க்கு அவள் ஒருநாளும் அசைந்ததில்லையே! சாருக்கு அசையவில்லை, அவள் அப்பாவுக்கே அசையவில்லை. நிற்கட்டும், இன்னும் கொஞ்சம் நின்றால் என் வாயிலிருந்து தானாக வந்துவிடும், அப்போது அது என் குற்றமில்லை என்று அடிமனதில் ஒரு கள்ளத்தனம்.

ரயில் வளைவில் தெரிந்தது. அவள் குனிந்து பெட்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சரி" என்றாள்.

ஏறிவிட்டாள்.

அது பொய்யென்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாத பொய்யை நான் இன்னும் பேசவில்லை. அன்றைக்கு மட்டும் ஏன் அதை உண்மை மாதிரி வாங்கிக்கொண்டாள்? எனக்காகவா, அவளுக்காகவா?

கொஞ்சம் நின்னிருக்கலாம் புள்ள. சொல்லியிருப்பேன்.